தோலோடு இழுபடும் அன்டெனா

நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இதயத் துடிப்பைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் மெல்லிய பட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோலோ ஒரே அளவில் இருப்பதில்லை. ருகூஉவில் குனிந்தாலே முதுகுத் தோல் விரிகிறது. ஒட்டியிருக்கும் அன்டெனாவும் கூடவே விரிய வேண்டும். மெல்லிய செம்புத் தகடு சில இழுப்புகளிலேயே வெடித்துவிடும்.

2009இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் டிக்கி குழுவினர் திரவ உலோகத்தை நாடினர். கலியமும் இந்தியமும் சேர்ந்த ஒரு கலப்புலோகம் ஏறத்தாழ 15.5 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளின் அதிகாலையை விட்டால் நம் நாட்டில் அது பெரும்பாலும் திரவம்தான்! அதைச் சிலிக்கோன் இறப்பரின் நுண்குழாய்களுக்குள் செலுத்தினார்கள். இறப்பர் நீள, உலோகமும் நீண்டது.

முறியாமல் இருந்தால் மட்டும் போதுமா? அன்டெனா எந்த மீடிறனுக்கு இசையும் என்பது அதன் நீளத்தைப் பொறுத்தது. புளூடூத்தின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் பாதி நீளம் காற்றில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். அவ்வளவு நீளமான அன்டெனா ஐந்திலொரு பங்கு நீண்டால், 2 கிகாஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தொலைபேசி காத்திருப்பதோ பழைய மீடிறனில். நோயாளி விழுந்து புரளும் நேரத்தில்தான் செய்தி மிக அவசியம். தொடர்பு நலிவதும் அப்போதுதான்.

2024இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான தென்கொரிய, அமெரிக்க ஆய்வு, அன்டெனாவைத் தாங்கும் இறப்பரையே மாற்றியது. பீங்கான் நுண்துகள்கள் கலந்த அந்த இறப்பர் மின்னலைகளின் வேகத்தைக் குறைக்கும். இழுபடும்போது அந்தத் தடை தளர்ந்து வேகம் கூடுகிறது. நீளம் மீடிறனைக் கீழே இழுக்க, வேகம் மேலே தூக்க, இரண்டும் ஈடாகிவிடுகின்றன. இழுபட்ட நிலையிலும் 30 மீற்றர் வரை தொடர்பு நீடித்தது.