மழைத் தோட்டம்

தோட்டம் என்றதும் நம்மவர்க்கு ரப்பரும் செம்பனையுமே நினைவிற்கு வரும். ஈண்டு யாம் கூறுவது பாத்தியளவே ஆன தோட்டம்.

மழை தொடங்கியதும் சாலையோர வடிகாலில் முதலில் ஓடும் நீர் கறுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வண்டிகள் சிந்திய எண்ணெய், டயர்த் துகள், மண், புல்லுக்கிட்ட உரம் யாவும் அதில் உண்டு. சிங்கப்பூருக்கு இது குடிநீர்ச் சிக்கலாகும். அந்நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கில் பெய்யும் மழை நீர்த்தேக்கங்களைச் சேர்ந்து, தூய்மை செய்யப்பெற்றுக் குழாய்க்கு வருகிறது.

ஆதலின் 2006ஆம் ஆண்டு முதல் பொதுப் பயனீட்டுக் கழகம் வடிகாலுக்கு முன்பே நீரைத் தெளிவிக்கும் மழைத் தோட்டங்களையும் அமைப்பித்து வருகிறது. சற்றே தாழ்ந்த பாத்தி. மேலே மணல் மிகுந்த மண், அதன்கீழ்ப் பருமணல், அடியில் சரளையும் துளையிட்ட குழாயும். வண்டலும் செம்பு, துத்தநாகத் துகள்களும் மண்ணில் தங்கிவிடும். உரச்சத்தை வேர்கள் உறிஞ்சும். எண்ணெயை நுண்ணுயிர்கள் சிதைக்கும். வேரோட்டத்தால் மண் இறுகுவதும் குறைகிறது. செடியற்ற வெறும் பாத்தி இத்துணை வேலை செய்யாது.

கொசு பெருகாதோ என வினவுவர்; நியாயமான வினாவே. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். செம்மையாக அமைந்த பாத்தியிலோ நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு நாள் கடந்தும் நீர் நிற்குமாயின் மேல்மண் அடைபட்டது என்பது பொருள். படிந்த வண்டலைச் சுரண்டி எடுத்தல் வேண்டும்.