கல்விச்சாலைத் தலைவர்

நல்லாசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டுரைத்தார் நன்னூலார். ஆசிரியர் பலரையும் மாணவர் பலரையும் ஒருங்கே நடத்தும் கல்விச்சாலைத் தலைவர்க்கு இந்நான்கு இயல்புகளும் போதுமோ? வருவதை முன்னறிந்து செயலாற்றும் துணிவும் அவர்க்கு இன்றியமையாதது என்பது நம் கருத்து. இதனை ஒருவர் வரலாற்றால் விளக்குவோம்.

இங்கிலாந்திலே அப்பிங்காம் என்னும் சிற்றூரிலுள்ள பழைய பள்ளியின் தலைமையை எட்வர்டு திரிங் என்பார் 1853 ஆம் ஆண்டில் ஏற்றார். அப்போது அங்குப் பயின்ற மாணவர் ஏறத்தாழ 25 பேரே. கூர்மதியினரைப் போலவே மந்தமதியினரும் ஆசிரியரது முழுக் கவனத்திற்கு உரியர் என்பது அவர் கொள்கை. நூற்கல்வியிற் பின்தங்கியவனும் வேறொன்றிற் சிறக்கக்கூடுமெனக் கருதி, இசைக்கும் கைத்தொழிலுக்கும் இடமளித்தார். 1859 இல் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றையும் அமைத்தார். காலப்போக்கில் மாணவர் தொகை ஏறத்தாழ 300 ஆக உயர்ந்தது. நிறைகோலின் நடுநிலை இதுவன்றோ?

1875 இல் அவ்வூரில் டைபாய்டு சுரம் பரவிற்று. மாணவர் சிலர் மாண்டனர். கழிவுநீர் வாய்க்கால்களைச் சீர்செய்வதில் ஊரதிகாரிகள் காலந்தாழ்த்தினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நோய் மீண்டும் தலைகாட்டிற்று. பெற்றோர் தம் மக்களை அழைத்துக்கொள்ளின், இருபதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அழிவது திண்ணம். மாணவரை அங்கேயே நிறுத்தின், அவர்தம் உயிர்க்கே கேடு. அந்நிலையில் திரிங் செய்தது யாது?

வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள போர்த் என்னும் ஊரில் ஒரு பெரிய உணவு விடுதியையும் பல வீடுகளையும் வாடகைக்கு அமர்த்தினார். 1876 ஏப்ரல் மாதத்தில் மாணவரும் ஆசிரியரும் கட்டிலும் புத்தகமுமாகப் பள்ளி முழுதும் அங்குக் குடிபெயர்ந்தது. ஓராண்டுக்கு மேல் அலையோசையினிடையே பாடங்கள் நடைபெற்றன. ஊரைச் சீர்செய்யும் வேலைகள் நடந்தேற, 1877 இல் யாவரும் திரும்பினர்.

தாம் கடன்பட்டு எழுப்பிய கட்டடங்களை வெறுமையாக விட்டுச் செல்ல அவர் மனம் எவ்வளவு வருந்தியிருத்தல் வேண்டும்! ஆயினும் பிள்ளைகள் உள்ள இடமே பள்ளி என்பதை அவர் அறிந்திருந்தார். எதனைக் காத்தல் வேண்டும், எதனை விடுத்தல் கூடும் எனப் பகுத்துணர்தலே தலைவர்க்குரிய முதற்பண்பு. அதனையுணர்ந்த பின் உடனே செயற்படுதல் இரண்டாவது. தம்மொடு பணிபுரிவோர் மனமுவந்து உடன்வருமாறு முன்னரே அவர்தம் நம்பிக்கையைப் பெற்றிருத்தல் மூன்றாவது.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். சிலர் தலைமையும் ஏற்போம். அதற்குரிய துணிவை இன்றே பயிலத் தொடங்குவோமாக.