கலரா, கறுப்பா? பிளாட் எடுக்கும் முன் ஒரு நிமிடம்

திரையில் பளிச்சென்று தெரிகிற மஞ்சள் கோடு, தாளில் மட்டும் எங்கே போகிறது? ப்ராஜெக்ட் சமயத்தில் பிளாட்டர் கடை வாசலில் காத்து நிற்கும் நம்மில் பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. விஷயம் எளிதுதான். ஆட்டோகேடில் நாம் வரைவது பெரும்பாலும் கறுப்புத் திரையில். பிரிண்ட் விழுவது வெள்ளைத் தாளில். கறுப்பு மேல் எடுப்பாகத் தெரியும் மஞ்சள், வெள்ளை மேல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்தக் காலத்துப் பிளாட்டரில் நிஜப் பேனாக்களே இருந்தன. ஒவ்வொரு கலருக்கும் ஒரு பேனா, ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு தடிமன். ஆக, கலர் என்பது அழகுக்கு அல்ல, கோட்டின் கனத்துக்கு அடையாளம். பேனா போய் இங்க்ஜெட் வந்தும் பழக்கம் போகவில்லை. (பெரியவர்கள் இன்னமும் இதை 'புளூ பிரிண்ட்' என்கிறார்கள். நீலம் எங்கே என்று கேட்காதீர்கள்!) சி.டி.பி. என்ற பிளாட் ஸ்டைல் ஃபைல் இன்று அதே வேலையைச் செய்கிறது. 255 கலர்களில் ஒவ்வொன்றும் தாளில் என்ன நிறத்தில், எவ்வளவு கனத்தில் விழ வேண்டும் என்பது அதில் இருக்கும்.

பிளான், செக்‌ஷன், ஸ்ட்ரக்சுரல் டிராயிங் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு மோனோக்ரோமுக்கே. பலர் கிரேஸ்கேலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதுதான் கறுப்பு வெள்ளை என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மோனோக்ரோமில் எல்லாக் கலரும் முழுக் கறுப்பாகும். கிரேஸ்கேலில் மஞ்சள் வெளிறிய சாம்பலாகிவிடும். அளவுகளை மஞ்சளில் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

சாம்பலாய் இருந்தால் என்ன, படிக்க முடிகிறதே என்பீர்கள். சைட்டுக்குப் போவது பல சமயம் ஒரிஜினல் இல்லை, அதோட ஜெராக்ஸ். என் அப்பா கம்பி கட்டுகிறவர். அவர் கைக்கு வரும் தாள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். நாலாய் மடித்து, வியர்வையில் நனைந்து வந்திருக்கும். வெளிறிப் போன '150' அதில் 130-ஆ, 160-ஆ, 180-ஆ என்று வெயிலில் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கம்பி இடைவெளியே அந்த எண்தான். கான்கிரீட் போட்ட பிறகு யார் பிரித்துப் பார்ப்பது?

மோனோக்ரோமிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கலர் தேர்வில் 'ட்ரூ கலர்' கொடுத்துவிட்டால் சி.டி.பி. அதைத் தொடாது, அந்தக் கோடு மட்டும் கலராகவே வந்து நிற்கும். இண்டெக்ஸ் கலரையே எடுங்கள். அடுத்தது ஹேட்ச். அதுவும் முழுக் கறுப்பாகி எழுத்துகளை விழுங்கிவிடும். ஹேட்சுக்கென்று ஒரு கலரை ஒதுக்கி, சி.டி.பி.யில் அதன் ஸ்கிரீனிங்கை 100-லிருந்து 40, 50 என்று குறைத்தால் போதும்.

எலிவேஷன், முப்பரிமாணக் காட்சி என்றால் கலர்தான் வேண்டும். ஆனால் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் மையால். திரையின் அடர்நீல வானம் தாளில் கத்தரிப்பூ நிறமாக இறங்குவது அதனால்தான். நீலத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி வையுங்கள். நிறத் திருத்தத்தை சாஃப்ட்வேர் அல்லது பிரிண்டர், ஏதாவது ஒன்றிடம் மட்டும் விடுங்கள். இரண்டும் திருத்தினால் நிறம் கெடும். சாதா பேப்பருக்குப் பூச்சுத் தாள் என்று செட்டிங் கொடுத்தால் மை அதிகமாக இறங்கித் தாள் நெளியும்.

ஏ1 தாள் 594-க்கு 841 மி.மீ. முழுசாக எடுக்கும் முன், அளவுகள் நெருக்கமாக உள்ள ஒரு மூலையை மட்டும் அதே ஸ்கேலில், அதே பிளாட்டரில் சின்னதாக எடுத்து, அதை ஒரு ஜெராக்ஸும் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், ஆனாலும் எடுத்துக் கொடுப்பார்.