ஓர் அறை கூட்டிக் கட்டும் முன்...

மகனுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது. வீட்டில் இருப்பதோ ஒரு ஹாலும் ஒரு படுக்கை அறையும்தான். கல்யாணத்துக்குள் ஓர் அறை கூட்டிக் கட்டியே ஆகவேண்டும் என்கிறார் வீட்டுக்கார அம்மாள். மேஸ்திரி வந்து பார்க்கிறார். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கும் சந்தைக் காட்டி, "இதை மூடினால் ஓர் அறை ஆச்சு. பிளான், பர்மிஷன் எல்லாம் எதற்கு? கேட்டால் அபராதம் கட்டிக்கொள்ளலாம்" என்கிறார்.

மைசூரில் சொந்த வீடு கண்ட தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. ரெயில்வே ஒர்க்ஷாப்பிலும் மில்லிலும் ஆபீசிலும் உழைத்துச் சேர்த்த பணமும், மனைவியின் நகையும் அந்தச் செங்கல்லில்தான் போய்ச் சேருகின்றன. மேஸ்திரியின் சொல்லை மட்டும் நம்பி இறங்கினால், அத்தனைக்கும் ஆபத்து வரக்கூடும்.

சந்து ஏன் விடவேண்டும்?

வீட்டைச் சுற்றிக் காலி இடம் விடச் சொல்வது அதிகாரிகளின் பிடிவாதம் அல்ல. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1890-களின் கடைசியில் பிளேக் நோய் மைசூர் சமஸ்தானத்தை உலுக்கி எடுத்தது. காற்றும் வெளிச்சமும் புகாமல் வீடுகள் நெருக்கிக்கொண்டு நின்ற தெருக்களைத் திருத்தாமல் இனி முடியாது என்ற நிலை வந்தது. 1903-இல் மைசூர் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு அமைந்தது. நாட்டில் முதன்முதலாக ஏற்பட்ட இத்தகைய அமைப்புகளில் அதுவும் ஒன்று. அகலமான சாலை, சாக்கடை, புதிய குடியிருப்பு என்று நகரம் விரிந்தது அதன் பிறகுதான். 1988-இல் அந்த போர்டின் இடத்துக்கு 'முடா' என்று மக்கள் அழைக்கும் நகர வளர்ச்சி ஆணையம் வந்தது.

30-க்கு 40 அடி சைட்டில் 1,200 சதுர அடி இருக்கிறது. அதை முழுக்க அடைத்துக் கட்டினால், சொந்த ஜன்னலோடு அடுத்த வீட்டு ஜன்னலும் அடைபடும். தீப்பிடித்தால் ஆள் நுழைய வழி இராது. சாக்கடை அடைத்துக்கொண்டால் தோண்டவும் இடம் இராது. எத்தனை அடி விடவேண்டும் என்பது சைட்டின் அளவையும் சாலையின் அகலத்தையும் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் விட்ட அளவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

எதற்கு அனுமதி?

வெள்ளை அடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, ஓடு மாற்றிப் போடுவது போன்ற பழுது வேலைகளுக்குப் பொதுவாக உரிமம் கேட்பதில்லை. புதிதாகச் சுவர் எழுப்பி அறை சேர்த்தாலோ, மாடி எடுத்தாலோ, வராந்தாவை அடைத்து அறையாக்கினாலோ அது கட்டட வேலை. 1976-ஆம் ஆண்டு கர்நாடக மாநகராட்சிகள் சட்டப்படி அதற்கு முன் அனுமதி வேண்டும். தகர ஷீட் போட்ட அறைதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீடு எந்த அலுவலகத்தின் எல்லையில் இருக்கிறது என்பது. மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், பஞ்சாயத்து என்று ஊரைச் சுற்றி எல்லைகள் பல. நகரம் வளர வளர அவையும் மாறுகின்றன. தவறான இடத்தில் வாங்கிய முத்திரை பிறகு உதவாது. அரண்மனையைச் சுற்றிய பழைய பகுதிகளில் வீடு இருந்தால், பாரம்பரியக் கட்டடங்களுக்கான கட்டுப்பாடு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையில் வேண்டிய காகிதங்கள்

கிரயப் பத்திரம், காத்தா, நடப்பு ஆண்டின் கந்தாய ரசீது, வீடு கட்டியபோது வாங்கிய பழைய பிளானின் நகல், பதிவு பெற்ற என்ஜினீயர் வரைந்த புதிய பிளான் ஆகியவை முக்கியமானவை. காத்தா இன்னும் காலமான தந்தையின் பெயரில் இருந்தால் பெயர் மாற்றம்தான் முதல் வேலை. அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு உள்ள வீடானால் அவர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. கன்னடத்தில் வரும் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் பெட்டியில் போட்டுவிடுவோர் உண்டு. அதைப் படித்துச் சொல்லக்கூடியவரிடம் அன்றே காட்டிவிட வேண்டும்.

அறை எவ்வளவு பெரிது?

2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு நல்ல வழிகாட்டி. வீட்டில் ஒரே அறை என்றால் 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 102 சதுர அடிக்குக் குறையக் கூடாது. இரண்டு அறைகள் இருந்தால் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டர் வரை சிறியதாக இருக்கலாம். ஆனால் அதன் அகலம் 2.1 மீட்டருக்குக் குறையலாகாது. உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி. மேஸ்திரி காட்டிய சந்து பெரும்பாலும் இந்த அகலத்துக்கே எட்டாது.

மாடியில் அறை எடுக்க நினைப்பவர்கள் கீழே உள்ள அஸ்திவாரத்தை என்ஜினீயரிடம் காட்டவேண்டும். மண்சாந்தில் எழுப்பி ஓடு வேய்ந்த பழைய சுவர், கான்கிரீட் தளத்தின் பாரத்தைத் தாங்கும் என்று யாரும் வாய்ச்சொல்லில் உறுதி தர முடியாது.

அபராதம் கட்டித் தப்பலாமா?

மேஸ்திரி சொன்ன அபராதக் கதையின் நிலை இதுதான். விதி மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த 'அக்ரம சக்ரம' என்ற திட்டத்தைக் கர்நாடக அரசு கொண்டுவந்தது. 2014-இல் விதிகள் வந்தன. 2013 அக்டோபர் 19-க்கு முன் கட்டிய வீடுகளில் 50 சதவீதம் வரையிலான மீறலுக்கே அதில் இடம் இருந்தது. 2016 டிசம்பரில் ஐகோர்ட்டு அதை ஏற்றது. ஆனால் 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்காலத் தடை விதித்துவிட்டது. அந்தத் திட்டத்தின் கெடு தேதிக்குப் பிறகு கட்டும் அறைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அனுமதியின்றிக் கட்டினால் மாநகராட்சிகள் சட்டத்தின் 321-ஆவது பிரிவின்படி கமிஷனர் தற்காலிக உத்தரவு போட்டு விளக்கம் கேட்கலாம். விளக்கம் சரியில்லை என்றால் உத்தரவை உறுதி செய்து இடிக்கலாம். இடிக்கும் செலவையும் வீட்டுக்காரரிடமே வசூலிக்கலாம். இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீசு தரவேண்டும் என்று 2024 நவம்பர் 13-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அது பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம்தான். இல்லாத அனுமதியை அது தந்துவிடாது.

கடனுக்கும் காகிதம்

ரெயில்வே உள்ளிட்ட மத்திய அரசு ஊழியர்களுக்கு, இருக்கும் வீட்டை விரிவுபடுத்த முன்பணம் பெற 2017-ஆம் ஆண்டு விதிகளில் வழி உண்டு. 34 மாத அடிப்படைச் சம்பளம், 10 லட்சம் ரூபாய், கட்டும் செலவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது அங்கீகாரம் பெற்ற பிளானைத்தான். பிளான் இல்லாதவர் கந்துவட்டிக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

அறை முடிந்ததும் அதன் பரப்பைக் கந்தாயக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். பிளான், உரிமம், ரசீது எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு, பிள்ளைகளிடம் இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். நாளைக்கு வீட்டை விற்கவோ பாகம் பிரிக்கவோ நேர்ந்தால் அந்தப் பைலைத்தான் முதலில் கேட்பார்கள்.

கல்யாணத் தேதி நெருங்குகிறது என்பதற்காகக் காகிதத்தைத் தள்ளிப் போடவேண்டாம். அறை முடிய ஒரு மாதம் தாமதமானால் உறவினர் வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம். புது மருமகள் குடியேறிய அறையின் கதவில் நோட்டீசு ஒட்டினால், அந்தத் தலைகுனிவை எப்படிச் சமாளிப்பது?