பாலிமர்க் காப்புரிமையும் சராசரி எடையும்

சித்தூர் வட்டத்தில் வாழும் ஒருவர் புதிய பாலிமர் ஒன்றைக் கண்டுபிடித்தால், காப்புரிமை கோரி அவர் அணுகவேண்டிய அலுவலகம் சென்னையில் உள்ளது. விண்ணப்பத்தின் விவரக் குறிப்பு எவ்வளவு நீண்டதாயினும், உரிமையின் எல்லையை வரையறுப்பது அதன் இறுதியில் வரும் உரிமைக் கோரிக்கையே ஆகும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. நிலத்திற்கு எல்லைக்கல் எவ்வாறோ, கண்டுபிடிப்பிற்குக் கோரிக்கையின் சொற்கள் அவ்வாறு.

பாலிமருக்கு இவ்வெல்லையை வகுப்பது எளிதன்று. சர்க்கரையின் மூலக்கூறுகள் யாவும் ஒரே எடையுடையவை. பாலிமரிலோ, நீண்டனவும் குறுகியனவுமான சங்கிலிகள் கலந்துள்ளன. ஆதலால் சராசரி எடையையே கூற இயலும். அச்சராசரியும் பலவகைப்படும். 10, 30 அலகு எடையுள்ள இரு சங்கிலிகளின் எண்ணிக்கைச் சராசரி 20. ஒவ்வொன்றிற்கும் அதன் எடைக்கேற்ற பங்கு அளித்துக் கணக்கிட்டால், எடைச் சராசரி 25. 'மூலக்கூறு எடை 18 முதல் 22 வரை' என்னும் கோரிக்கையில் இப்பொருள் அடங்குமா?

இவ்வையத்தால் உரிமை இழந்தோரும் உளர். டெவா நிறுவனத்தின் நரம்பு நோய் மருந்தாகிய கோபாலிமர்-1 பற்றிய கோரிக்கை, 5 முதல் 9 கிலோடால்டன் வரை என்றது. எந்தச் சராசரி என்று கூறவில்லை. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பிய அவ்வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டே அக்கோரிக்கையைத் தெளிவற்றதெனத் தள்ளியது.

ஆகவே, கோரிக்கையைப் படிப்போர் எண்ணை மட்டும் நோக்கலாகாது. எந்தச் சராசரி, எம்முறையில் அளந்தது என்னும் இரண்டையும் விவரக் குறிப்பில் தேடிக் காணவேண்டும். எழுதுவோர் அவற்றைக் கோரிக்கையிலேயே குறித்துவிடுதல் நன்று.