பறவைச் சேகரிப்புகளில் இடப்பதிவின் மதிப்பு: பெரிய அலகு நாணல் கதிர்க்குருவியை முன்வைத்து

முன்னுரை

அருங்காட்சியகங்களில் பேணப்படும் பதப்படுத்திய பறவைத்தோல்களின் காலில் அடையாளச் சீட்டு கட்டப்பட்டிருக்கும். இனப்பெயர், சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியன அதில் இடம்பெறும். இவற்றுள் இனப்பெயர் ஆய்வாளரின் முடிபு; இடமும் நாளும் நிகழ்வின் பதிவு. முடிபு தவறாயின், தோலை மீண்டும் ஆராய்ந்து திருத்தலாம். பதிவு தவறாயின், தோலைக்கொண்டு மட்டும் அதனை மீட்டெடுப்பது அரிது. இவ்வேறுபாட்டைப் பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்னும் பாடும்பறவையின் வரலாற்றின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒற்றைச் சான்று

1867ஆம் ஆண்டு ஆலன் ஆக்டேவியன் ஹியூம், சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூருக்கு அருகில் ஒரு பறவையைச் சேகரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் முன்னரே வேறொரு பறவைக்கு வழங்கப்பட்டிருந்தமையால், 1905இல் ஹாரி ஓபர்ஹோல்சர் அதற்கு 'ஒரைனஸ்' என்னும் புதிய சிறப்பினப் பெயரைச் சூட்டினார். இரண்டாவது சான்று கிடைக்காத நிலையில், அது தனியினமா, வேறோர் இனத்தின் திரிந்த வடிவமா என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 2002இல் ஸ்டாஃபன் பென்ஷ், டேவிட் பியர்சன் ஆகியோர் மேற்கொண்ட மரபணு ஆய்வு அது தனியினமே என நிறுவியது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் பெட்சபுரிப் பகுதியில் பிலிப் ரவுண்ட் உயிருள்ள பறவையொன்றைப் பிடித்தார். அதன் மரபணு ஹியூமின் சான்றோடு பொருந்தியது.

மறைந்திருந்த சான்றுகள்

இக்கண்டுபிடிப்புக்குப்பின் ஆய்வாளர்களின் கவனம் பழைய சேகரிப்புகளின்பால் திரும்பியது. இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், 1869இல் இன்றைய உத்தரப்பிரதேசப் பகுதியில் சேகரிக்கப்பட்ட மற்றொரு சான்று, பிளித் நாணல் கதிர்க்குருவிகளுக்கிடையே கண்டறியப்பட்டது. இவ்விரு இனங்களும் தோற்றத்தில் மிக நெருங்கியவை. லார்ஸ் ஸ்வென்சன் குழுவினர் தேடலை விரிவுபடுத்தி, மேலும் பத்துச் சான்றுகளை அடையாளங்கண்டு 2008இல் வெளியிட்டனர். அவற்றுள் பல, ஆப்கானிஸ்தானிலும் அதனையடுத்த நடு ஆசிய நாடுகளிலும் கோடைக்காலத்தில் சேகரிக்கப்பட்டவை.

சீட்டுகளில் இனப்பெயர் பிழையாக இருந்தபோதிலும் இடமும் நாளும் பிழையின்றி இருந்தன. கோடைக்காலமே இத்தகைய வலசைப் பறவைகளின் இனப்பெருக்கக் காலமாதலால், நடு ஆசியாவே இவ்வினத்தின் இனப்பெருக்க நிலம் என்னும் கருதுகோள் வலுப்பெற்றது. 2009இல் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தினர் ஏறத்தாழ இருபது பறவைகளைப் பிடித்து ஆராய்ந்தமை அதற்கு அரண்சேர்த்தது.

இடம் பொய்க்கும்போது

இதற்கு நேர்மாறானது ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹேகனின் சேகரிப்பு. பிறர் சேகரித்த தோல்களைக் கவர்ந்து, பொய்யான இடமும் நாளும் பொறித்த சீட்டுகளைக் கட்டியவர் அவர். 1914இல் குஜராத்தில் சேகரித்ததாக அவர் காட்டிய காட்டுச் சிற்றாந்தை, உண்மையில் 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்தது. தோல் பதப்படுத்தப்பட்ட முறையே இம்மோசடியைக் காட்டிக்கொடுத்தது. பமீலா ராஸ்முசென் குழுவினர் அப்பொய்யிடத்தை விலக்கி, நம்பத்தக்க சீட்டுகள் சுட்டிய இடங்களில் தேடினர். 1997இல் மகாராஷ்டிரத்தின் சகாதாவுக்கு அருகில் அப்பறவையை உயிருடன் கண்டனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சேகரிப்புகளை மின்பதிவாக்கும்போது இனப்பெயரையும் இடத்தையும் ஒரே நம்பகத்தன்மை உடையனவாகக் கொள்ளலாகாது. மூலச்சீட்டின் வாசகமும் படிமமும் பதிவோடு இணைக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, பொதுவான இனத்தின் மிகைப்படிகள் எனக் கருதி எந்தத் தோலையும் கழித்துவிடலாகாது. அத்தகைய படிகளுக்கிடையேதான் அரியதோர் இனத்தின் இருப்பிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டுக் கிடந்தது.