எதிர்மேளம்



சில திங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வீரபாண்டிக்கு வந்திருந்தான். இப்போது கல்லூரியில் படிக்கின்றான்; கல்லூரிப் பேண்டு வாத்தியக் குழுவில் முரசு முழக்குபவன். அமெரிக்க நாட்டு முரசுக் குழுக்களின் போட்டிக் காட்சியொன்றைத் தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினான். ஒரு குழு முழக்கி முடித்துக் களத்தை விட்டு நீங்குகின்றது. அடுத்து ஆட வேண்டிய எதிர்க்குழுவினர் எழுந்து நின்று கைதட்டுகின்றார்கள். “ஐயா, வெல்ல வந்தவர்கள் எதிரிக்கு ஏன் கைதட்ட வேண்டும்?” என்று அவன் கேட்டான். ‘அது நாகரிகம்’ என்று ஏதோ சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு, அந்த விடை எனக்கே போதவில்லை. அக்கேள்வியையே இன்று உங்கள்முன் எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் அந்த அமெரிக்கக் குழுக்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகின்றேன். அவற்றை டிரம் கோர் என்பர். முதல் உலகப் போருக்குப் பின், ஊர்தோறும் இருந்த படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்தவை அவை. முரசும் எக்காளமும் ஏந்தி, அணிவகுத்து, விளையாட்டுத் திடல்களில் போட்டியிடும் இளைஞர் கூட்டங்கள். கோடை விடுமுறை முழுவதும் பேருந்துகளில் ஊர் ஊராகச் செல்வர். இரவில் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் படுத்துறங்குவர். போட்டிகளின் விதிகளையும் சன்மானத்தையும் நெடுங்காலம் அந்தப் படைவீரர் சங்கங்களே வகுத்து வந்தன. 1971இல் புளூ ஸ்டார்ஸ், கேவலியர்ஸ், மேடிசன் ஸ்கௌட்ஸ், சான்டா கிளாரா வான்கார்ட், ட்ரூப்பர்ஸ் என்னும் ஐந்து குழுக்கள், தமக்குள் கடும்போட்டி இருந்தும், இனிப் பேரம் பேசுவதானால் ஐவரும் சேர்ந்தே பேசுவோம் என்று ஒன்றுகூடின. அக்கூட்டிலிருந்து தோன்றியதே டிரம் கோர் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு. அதன் முதல் வாகைப் போட்டி 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் என்னும் ஊரில் நடந்தது. வென்றது யார் தெரியுமா? அந்த ஐவரில் எவரும் அல்லர். கலிபோர்னியாவிலிருந்து வந்த அனஹைம் கிங்ஸ்மென் என்னும் குழு. பந்தலைப் போட்டவர்கள் ஐவர். மாலையைப் பெற்றவர் ஆறாமவர். ஆயினும் பந்தல் பிரிக்கப்படவில்லை.

அவர்களுடைய முரசுகளில் இப்போது தோல் கிடையாது. 1950களின் பிற்பகுதியில் முரசின் முகத்தில் தோலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் தகட்டைப் பூட்டத் தொடங்கினார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு நூலாக வந்திறங்கும் அதே பாலியெஸ்டர்தான். அங்கே மெல்லிய தகடாக இருக்கின்றது. மழை அதனை ஒன்றும் செய்யாது. நம் பறைக்கோ மழைதான் முதற்பகை. என் மாணவனின் கேள்விக்கு நான் கண்ட விடை அந்தப் பகையிலிருந்தே தொடங்குகின்றது. ஆகையால், பறை எப்படிச் செய்யப்படுகின்றது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேப்ப மரத்துண்டுகள் மூன்றை வளைவாகச் செதுக்கி, இணைத்து, வட்டச் சட்டமாக்குவர். அதன்மேல் பதப்படுத்திய கன்றின் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய மூங்கிலாலான சிண்டுக்குச்சி. கருவி இவ்வளவே. மிருதங்கத்தைப் போல் வாரை இறுக்கிச் சுருதி கூட்டும் ஏற்பாடு இதில் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தைத் தோல் உறிஞ்சும், உறிஞ்சினால் தளரும், தளர்ந்தால் ஒலி மழுங்கிச் சாக்கு மூட்டையைத் தட்டியது போலாகும். தீமூட்டிக் காய்ச்சினால் ஈரம் நீங்கித் தோல் இறுகும். ஒலி கணீரென்று எழும். காய்ச்சல் மிகுந்தால் தோல் வெடித்துவிடும். எந்த நொடியில் தீயிலிருந்து விலக்க வேண்டும் என்பதை அடிப்பவன் விரலால் சுண்டிப் பார்த்தே அறிவான். ஓரிரவில் பல முறை இவ்வாறு காய்ச்ச வேண்டியிருக்கும். பறைக்குழு எங்குச் சென்றாலும் அதற்கு முதலில் வேண்டியது சோறு அன்று, காய்ந்த விறகு.

இனி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் கண்டதைச் சொல்கின்றேன். அப்போது நான் ஒரு நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். சித்திரை மாதம்; மாரியம்மன் பொங்கல். எங்கள் கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னதாகக் கோயிலின் முன் கம்பம் நடுவர். அதைச் சுற்றி இரவுதோறும் பறை முழக்கத்துக்கு ஏற்ப இளைஞர் ஆடுவர். பல ஆண்டுகளாக அந்தக் கோயிலில் உள்ளூர்க் குழு ஒன்றே அடித்து வந்தது. அவர்களிற் பெரும்பாலோர் பகலில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அவ்வாண்டு ஊர்ப் பெரியவர்களுக்கும் அவர்களுக்கும் கூலி பற்றி மனத்தாங்கல். பெரியவர்கள் தாராபுரம் பக்கத்திலிருந்து வேறொரு குழுவுக்கு அச்சாரம் கொடுத்து அழைத்து வந்துவிட்டார்கள். உள்ளூர்க் குழுவுக்கு அவ்வாண்டு ஒரு நாள் முழக்கம் மட்டுமே மிஞ்சியது. இரு குழுவினரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பாராமல் இருந்தனர்.

மூன்றாம் நாள் மாலை, எதிர்பாராத கோடைமழை. வெளியூர்க் குழுவினர் ஒன்பது பேர். கோயிலடிப் புளியமரத்தின்கீழ்ப் பறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிக்கு வந்து, தாழ்வாரத்தில் ஒதுங்கிக்கொள்ள இடம் கேட்டார். அருகிலிருந்த இரண்டொருவர், “பள்ளிக்கூடத்துக்குள்ளே பறையா?” என்றனர். அவர்கள் பறையை மட்டும் குறிப்பிடவில்லை என்பது எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் நான், “மேலிடத்து அனுமதி வேண்டும்” என்று ஒரு சாக்குச் சொன்னேன். தாழ்வாரத்தில் ஒதுங்குவதற்கு எந்த மேலிடத்து அனுமதியும் தேவையில்லை. அதனை நான் அறிவேன், கேட்டவரும் அறிந்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லாமல் மழையில் இறங்கிப் போனார்.

அரைமணி நேரம் சென்றிருக்கும். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளூர்க் குழுவின் மூத்தவர் வந்து நின்றார். “வாத்தியாரய்யா, சாவி குடுங்க. அந்தப் பசங்க பறையெல்லாம் நனைஞ்சு போச்சுங்க” என்றார். அவருடைய பிழைப்பைப் பறித்தவர்கள் என்று ஊரே பேசிய கூட்டத்துக்காக அவர் வந்திருந்தார். நான் பேசாமல் கதவைத் திறந்தேன்.

தாழ்வாரம் கிடைத்தது, தீக்கு என்ன செய்வது? ஊரில் காய்ந்த சருகு ஒன்றில்லை. மூத்தவர் மறுபடியும் மழையிற் போனார். வீட்டுக் கொட்டகையில் தம் மாடுகளுக்கென்று அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டில் இரண்டு கட்டைத் தூக்கி வந்தார். தட்டுப் பற்றிக்கொண்டது. அன்றிரவு தம் குழுவின் பறைகளையும் அங்கேயே கொண்டுவரச் செய்தார். “தனித்தனியா ரெண்டு தீ எதுக்குங்க? ஒண்ணு இருந்தாப் போதுமுங்க” என்றார். வந்தவர்களின் பறையொன்றில் ஈரத்தால் பசை இளகித் தோல் சட்டத்தை விட்டுக் கழன்றுவிட்டது. மூத்தவர் தம் பறையை அந்த இளைஞனிடம் நீட்டினார். தாம் இரவு முழுவதும் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடியுமுன் அவரிடம் நான் கேட்டேன்: “அவர்கள் முழக்கம் கெட்டுப்போனால் அடுத்த ஆண்டு அச்சாரம் உங்களுக்குத்தானே வரும்?” அவர் சிரித்தார். “அதுதானுங்க இல்லை. அவங்க அடி நின்னு ஆட்டம் நின்னுபோச்சுன்னா, ‘பறையே வேண்டாம், பேண்டு செட்டைக் கூப்புடு’ம்பாங்க. அப்புறம் அவங்களுக்கும் இல்லீங்க, எங்களுக்கும் இல்லீங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “அதுவுமில்லாம, நனைஞ்ச பறைச் சத்தம் கேக்கச் சகிக்கலீங்க” என்றார். இவ்விரண்டில் எது முதற்காரணம் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது. முதலாவதை என் போன்ற கணக்குப் பார்ப்பவர்களுக்காகச் சொல்லியிருப்பார்.

இது ஒரு மூலையில் நடந்த சிறு செய்தி. ஆனால் பெரிய வித்துவான்களின் வாழ்க்கையிலும் இதே இழை ஓடக் காண்கின்றோம். தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. தஞ்சை நாட்டு நாகசுரக்காரர்களும் தவில்காரர்களும் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கு அவ்வழியே சென்று வந்தனர். அங்கே ஒரே திருவிழாவில் பல குழுக்களை அமர்த்தி ஒன்றுக்கொன்று எதிராக வாசிக்கச் செய்வது வழக்கம். மேளச்சமா என்று அதற்குப் பெயர். உள்ளூர்க் கலைஞருக்கு அயலார் வரவு எரிச்சலூட்டியிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் யாழ்ப்பாணத்து இணுவிலில் 1933இல் பிறந்த தட்சிணாமூர்த்தி என்ன செய்தார்? கடல் கடந்து வந்து, நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையிடம் மாணாக்கராக அமர்ந்தார். இராகவப் பிள்ளையும், நாளைக்குத் தமக்கே எதிர்த்தவிலாக உட்காரக்கூடிய கை இது என்று அறிந்தும், வித்தையை ஒளிக்கவில்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்னும் பெயர் பின்னர்த் தமிழகமெங்கும் முழங்கியது. 1975இல் நாற்பத்திரண்டு வயதளவில் அவர் மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. கிடைத்தால் பாருங்கள்.

இரு தவில்கள் தனி வாசிக்கும் முறையிலேயே ஒரு பண்பாடு அடங்கியிருக்கின்றது. ஒருவர் சில ஆவர்த்தனங்கள் வாசித்து நிறுத்துவார். மற்றவர் அதே அளவு வாசித்து விடை சொல்வார். பிறகு அளவு பாதியாகும், அதில் பாதியாகும். குறைப்பு என்பது இதுவே. இறுதியில் இருவரும் ஒன்றாக மோராவும் கோர்வையும் வாசித்து முடிக்க வேண்டும். எவ்வளவு கடுமையாக மோதியவரானாலும், கடைசி அடி இருவர் கையிலிருந்தும் ஒரே இடத்தில் விழ வேண்டும். எதிராளி இடம் தவறினால் நம் கோர்வையும் பாழ். ஆகவே தடுமாறுகின்ற எதிராளிக்குத் தாளத்தின் இடத்தைத் தெளிவாகக் காட்டிக் கொடுப்பது வித்துவான்களிடையே மரபு.

மிருதங்கத்தில் எங்கள் ஊருக்கு இருபுறத்திலும் இரண்டு பெரும்பெயர்கள். மேற்கே கணவாயைத் தாண்டினால் பாலக்காடு. தெற்கே சென்றால் பழனி. பாலக்காடு மணி ஐயர் (1912–1981), பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) ஆகிய இருவரில் யார் உயர்ந்தவர் என்று ரசிகர்கள் கட்சி கட்டி வாதிட்ட காலம் ஒன்றிருந்தது. பிள்ளையவர்கள் இடக்கைப் பழக்கமுடையவர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்க வேண்டுமானால், அவர் வழக்கமான பக்கத்துக்கு மாறாகப் பாடகரின் மறுபுறத்தில் அமர வேண்டும். அப்படியானால் பிடில் வித்துவான் தம் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். பிடிலின் முகமும் சபையை விட்டுத் திரும்பிவிடும். பலர் உடன்படவில்லை. வாய்ப்பின்றி வாடிய அக்காலத்தில் அவருக்காகப் பிடிவாதம் பிடித்து நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். மணி ஐயரை இளமையிலேயே கைதூக்கி விட்டவரும் அதே செம்பைதான்.

சரி, மணி ஐயரும் பிள்ளையும் தமக்குள் எப்படி இருந்தார்கள்? ரசிகர்களின் கட்சிச் சண்டை வெளியே நடந்துகொண்டிருக்க, அவ்விருவரும் பல கச்சேரிகளில் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். மணி ஐயர் மிருதங்கம், பிள்ளை கஞ்சிரா. மிருதங்கத்தில் தமக்கு நிகரானவர் ஒரு சிறு கருவியை ஏந்திப் பக்கத்தில் அமர்வதென்றால், வருபவருக்கும் வரவேற்பவருக்கும் எவ்வளவு மனவிரிவு வேண்டும்! (கஞ்சிராவின் தோலுக்கு நீர் தடவி இளக்கிச் சுருதியைத் தாழ்த்துவார்கள், பறைக்குத் தீ. இரண்டும் தோல்தான்; அதன் குணத்தை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகப் பயன்கொள்கின்றது.)

என் மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது கொஞ்சம் நெருங்கியிருக்கின்றோம். எழுந்து நின்று கைதட்டிய அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் அன்று காலை வெயிலில் அதே முரசைத் தோளில் சுமந்து பயிற்சி செய்தவர்கள். எதிர்க்குழு வாசித்த ஓர் உருப்படி எத்தனை கடினமானது என்பதைக் களத்தைச் சுற்றி அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோரைவிட அவர்களே நன்கறிவர். ஊரில் அந்த மூத்தவருக்கும் அப்படித்தான். நனைந்த பறையின் துயரம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாது; எனக்கும் தெரியவில்லை. அது தெரிந்தவர் ஊரில் இருந்தார்; அவர் எதிர்க்குழுக்காரர்.

அந்தப் பறையின் கதையில் ஒரு மிச்சம் உண்டு. திருவிழா முடிந்து வெளியூரார் புறப்பட்டபோது இரவற் பறையும் அவர்களோடு போய்விட்டது. அடுத்தடுத்து அவர்களுக்கு முழக்கங்கள் இருந்தன. ‘போனது போனதுதான்’ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த இளைஞன் பேருந்திலிருந்து இறங்கி, பள்ளிக்கு வந்து, மூத்தவரின் வீட்டுக்கு வழி கேட்டான். கையில் துணி சுற்றிய பறை. பழைய தோலை நீக்கிப் புதுத்தோல் ஒட்டியிருந்தார்கள். நானே அவனை அழைத்துச் சென்றேன். மூத்தவர் பறையை வாங்கி, விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். முகம் சற்றுச் சுருங்கியது. “என்னோட பழைய தோல் பத்து வருசம் பழகினதப்பா. இது பேசறதுக்கு இன்னும் ரெண்டு நோம்பி ஆகும்” என்றார். பிறகு வீட்டுக்குள் குரல் கொடுத்து, வந்தவனுக்குச் சாப்பாடு வைக்கச் சொன்னார்.